பிரேக் மிதிச்சா பேட்டரி ஏறுமா? ஹைப்ரிட் கார் வாங்கலாமா?

தாமிரபரணிக்காரன்:
நேத்து பாளையங்கோட்டையில ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். பெட்ரோல் இன்ஜினும் கரண்டு மோட்டாரும் சேந்து இருக்க ஹைப்ரிட் காரைக் காட்டி, "பிரேக்கை மிதிச்சா பேட்டரி தானா ஏறிரும், கரண்டு சும்மா கிடைக்கும்"னு அந்தத் தம்பி சொல்லுதான். பெட்ரோலை எரிச்சுதானய்யா வண்டியே ஓடுது, பெறகு சும்மா எங்கிட்டு கரண்டு வரும்? இதுக்குப் போயி லட்சக்கணக்குல கூடக் கொடுக்கது வீண்.

பணகுடி காத்து:
அண்ணாச்சி, சும்மா கிடைக்காதுங்கிறது சரி. வீண்ங்கிறதை ஒத்துக்க மாட்டேன். எங்க ஊரு காத்தாடியைப் பாத்திருப்பீக. காத்து றெக்கையைச் சுத்துது, உள்ள இருக்க ஜெனரேட்டர் கரண்டு தருது. கார்ல றெக்கைக்குப் பதிலா சக்கரம். கரண்டு கொடுத்தா சுத்துற அதே மோட்டாரை வெளியில இருந்து சுத்திவிட்டா அது கரண்டு கொடுக்கும். அப்படி கரண்டு எடுக்கையில மோட்டார் லேசுல சுத்தாது, முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துது. சாதா வண்டியில இதே வேகம் பிரேக் டிஸ்க்கைச் சூடாக்கிட்டுக் காத்தோட போயிரும். நீங்க காசு கொடுத்து ஏத்துன வேகம்தான், அதுல ஒரு பங்கு திரும்பக் கைக்கு வருது. அவ்வளவுதான்.

தாமிரபரணிக்காரன்:
எம்புட்டு வருதுன்னு கணக்கைச் சொல்லும் வே.

பணகுடி காத்து:
ஆளோட சேத்து 1,500 கிலோ வண்டி, 60 கிலோமீட்டர் வேகத்துல இருந்து நிக்குதுன்னு வைங்க. அந்த வேகத்துல இருக்க சக்தி 58 வாட்-அவர். 9 வாட் பல்பு ஒண்ணு ஆறு மணி நேரம் எரியும். அம்புட்டும் திரும்பாது. மோட்டார்லயும் பேட்டரியிலயும் கொஞ்சம் சூடாப் போயிரும், கடைசியில வண்டி நிக்கப்போற நேரம் சாதா பிரேக்தான் பிடிக்கும். ஒரு தடவைக்குச் சின்னதுதான். திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து டவுனுக்குப் போறதுக்குள்ள எத்தனை தடவை நிறுத்தி எடுக்கோம்?

தாமிரபரணிக்காரன்:
நான் வாரம் மூணு நாள் நாலுவழிச்சாலையில நாகர்கோவில் போறவன். வள்ளியூர் தாண்டுனா பிரேக்ல காலே வைக்கது இல்ல.

வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்:
அப்ப அந்த ரோட்டுல இதால உங்களுக்குப் பெரிய லாபம் இல்ல அண்ணாச்சி. மிதிக்காத பிரேக்ல இருந்து எதை எடுக்க? ஆனா ஊருக்குள்ள ஓடுற ஹைப்ரிட் வண்டியோட பிரேக் பேடைக் கழட்டிப் பாருங்க, தேய்மானமே தெரியாது. இன்னொண்ணு, 'மைல்டு ஹைப்ரிட்'னு விக்கிறதுல பெல்ட்டுல ஓடுற சின்ன மோட்டார்தான். அதையும், மோட்டாரே தனியா வண்டியை ஓட்டுற ஸ்ட்ராங் ஹைப்ரிட்டையும் ஒண்ணா நினைச்சு ஏமாந்துராதீக.

மணிமுத்தாறு டிரைவர்:
நான் கண்டதைச் சொல்லுதேன். மாஞ்சோலையில இருந்து ஒரு ஹைப்ரிட் வண்டியை இறக்கிட்டு வந்தேன். பாதி மலை வரைக்கும் பேட்டரி கோடு ஏறிக்கிட்டே வந்துச்சு, ரொம்பிருச்சு. பெறகு ஆக்சிலேட்டர்ல காலே வைக்கல, இன்ஜின் தானா இரையுது. வண்டி கெட்டுப்போச்சுன்னு ஓரங்கட்டிட்டேன். கூட வந்தவுகளும் பயந்துட்டாக.

பணகுடி காத்து:
வண்டி கெடல அண்ணாச்சி. 1,000 மீட்டர் இறக்கம்னா அந்த 1,500 கிலோ வண்டிகிட்ட 4 யூனிட் சக்தி இருக்கு (ஒரு யூனிட்னா 1,000 வாட்-அவர்). உருண்டு வாரதுல கொஞ்சம் கழிச்சாலும் 3 யூனிட் மிஞ்சும். டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் கார் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட். ரொம்புன குடத்துல மேல ஊத்த முடியுமா? அதான், பெட்ரோல் போடாம இன்ஜினைச் சும்மா சுத்தவிட்டு அந்தச் சக்தியைக் கழிக்குது.

தாமிரபரணிக்காரன்:
பாத்தீரா, முக்கால்வாசி மலையிலயே போயிருது! ஏறும்போது எரிச்ச பெட்ரோலுக்கு என்ன பதில்?

பணகுடி காத்து:
மலையில நீங்க சொல்லுதது சரி, மறுக்கல. பெரிய பேட்டரி இருக்க மின்சாரக் கார்தான் அங்க கூடப் பிடிச்சு வைக்கும், அதுவும் உச்சியில ஃபுல் சார்ஜ்ல கெளம்பாம இருந்தா.

மணிமுத்தாறு டிரைவர்:
லாப நஷ்டம் இருக்கட்டும். இறக்கத்துல உசுருதான் முக்கியம். பேட்டரி ரொம்பட்டும்னு காத்திருக்காம, இறங்க ஆரம்பிக்கும்போதே கியரை 'B'ல போட்டுருங்க; இன்ஜினை வச்சு வேகத்தைப் பிடிக்கிற 'B', வண்டியை நிறுத்திப் போடுற 'P' இல்ல. இல்லன்னா பேட்டரி ரொம்புனதும் பாரத்துல பெரும்பங்கு டிஸ்க் மேல ஏறிரும். கீழ வாரதுக்குள்ள கருகுன வாடை அடிக்கும்.

தாமிரபரணிக்காரன்:
நாகர்கோவில் ஓட்டத்துக்கு இது வேண்டாம்னுதான் இன்னும் சொல்லுவேன். ஆனா வீட்டுல அவ தினம் ஜங்ஷன் பக்கம் ஓட்டுதா. ஞாயித்துக்கிழமை டெஸ்ட் டிரைவ் கேட்டிருக்கேன். ஈரடுக்கு மேம்பாலத்துல இறங்கும்போது திரையில அம்புக்குறி சக்கரத்துல இருந்து பேட்டரிக்குப் போகுதான்னு என் கண்ணால பாத்துட்டு வந்து எழுதுதேன்.