பேட்டரி மேல் பழி போட்ட ஆறு மாதம்

என்னுடையது 2004 மாடல் டீசல் கார். 1.4 லிட்டர் எஞ்சின், பழைய மெக்கானிக்கல் பம்ப், ஓட்டம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. போன மார்கழியில் ஒரு காலை செல்ஃப் இழுக்காமல் முனகியது. பேட்டரிக்கு நாலு வயசு ஆகிவிட்டதே என்று யோசிக்காமல் மாற்றிவிட்டேன். இரண்டே மாதத்தில் புதுசும் அதே முனகல். வாரன்டியில் கொண்டுபோனால் கடைக்காரர் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, "பேட்டரி நல்லா இருக்கு சார், வண்டியைப் பாருங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அவருக்கு இன்னமும் டைனமோதான். எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டர் வைத்தார், 14.1 வோல்ட் காட்டியது. "டைனமோ பக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எஞ்சின் சூடேறாமல், ஒரு லைட்கூடப் போடாமல் எடுத்த 14.1 அது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் வோல்ட் குறையும்போதே மிஸ்ஸிங் வந்து காட்டிக் கொடுத்திருக்கும். இந்த மாதிரி பழைய டீசலுக்கு ஸ்டார்ட் ஆன பிறகு எஞ்சின் ஓடக் கரண்ட் வேண்டியது பம்பில் டீசலைத் திறந்துவிடும் ஸ்டாப் சோலினாய்டுக்கு மட்டும்தான். அதனால் பகலெல்லாம் சமர்த்தாக ஓடும். மறுநாள் காலை, ஸ்டார்ட் ஆக எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக்கும் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து கேட்கும்போதுதான் பேட்டரியில் ஒன்றும் இல்லை என்று தெரியும்.

சித்திரையில் கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். இரவு, மழை. பெருமாள்மலை தாண்டியதும் மேகம் வேறு. ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் ஓடுகின்றன. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வேகம் குறைய, லைட் மஞ்சளாகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெளுக்கிறது. மீட்டர் போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு முழுசாக எரியவும் இல்லை, அணையவும் இல்லை, மின்மினிப் பூச்சி மாதிரி. எப்படி வீடு வந்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாளே ஒரு மலிவான மல்டிமீட்டர் வாங்கினேன். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, ஐடிலிங்கில் ஹெட்லைட்டும் புளோயரும் போட்டுப் பார்த்தால் 12.4. கொஞ்சம் ரேஸ் கொடுத்தாலும் 12.8-க்கு மேல் ஏறவில்லை. நல்ல வண்டியில் அந்த இடத்தில் பதிமூன்றரைக்கு மேல் நிற்க வேண்டும்.

அடுத்து வயர். லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பின்னால் தடித்த வயர் வரும் போல்ட்டிலும், மறுமுனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன். 0.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அதைவிடக் குறைவு. ஆக, வழியில் எங்கேயும் சிந்தவில்லை, ஊற்றிலேயே தண்ணீர் இல்லை.

கழற்றினோம். என் வண்டியில் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஆயில் அதற்கு ஒரு குழாயில் வந்து இன்னொன்றில் திரும்பும். நடுவில் இருந்த ஆயில் சீல் போய்விட்டது. கவரைத் திறந்தால் கார்பன் தூளும் ஆயிலும் குழைந்து, கண்மை மாதிரி ஒரு பசை. ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் வளையத்தை (ஸ்லிப் ரிங்) தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டைகளில் ஒன்று அதன் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போகிறது, ஸ்பிரிங் தள்ளினாலும் திரும்பி வரவில்லை. ஸ்லிப் ரிங்கைத் தொட்டும் தொடாமலும்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது. புது கார்பன் செட், புது சீல், ஸ்லிப் ரிங்குக்கு நைஸ் உப்புத்தாள். அவ்வளவுதான் வேலை. இப்போது சூட்டில், எல்லா லைட்டும் போட்டு 13.8.

உங்கள் வண்டிகளில் என்ன ஆனது?

*

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். எனக்குப் பிரச்சினை ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சென்று ஒரு சத்தம், பத்து விநாடியில் அடங்கிவிடும். பனிக்கு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் பிரேக் பெடல் கட்டை மாதிரி ஆனபோதுதான் பயம் வந்தது. எனக்கும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடுதான். பெல்ட் வழுக்கினால் சார்ஜும் போகும், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டரும் போகும். உள்பக்கம் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மலையில் இருப்பவர்கள் சார்ஜ் குறைந்தால் முதலில் பெடலை மிதித்துப் பாருங்கள் என்பேன். வீட்டுக்குப் போகும் முன் அதுதான் தெரிய வேண்டும்.

*

அண்ணே, என் கதை சிரிப்புக் கதை. ஸ்பீடோமீட்டர் முள் வேலை செய்யவில்லை என்று திருநெல்வேலியில் மீட்டர் போர்டைக் கழற்றினேன். மறுநாளிலிருந்து ஐடிலிங்கில் சார்ஜே இல்லை. ஒரு தடவை நன்றாக ரேஸ் கொடுத்தால் 14 வந்துவிடும், வண்டியை நிறுத்தும் வரை அப்படியே இருக்கும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி, அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றி, காசு போனதுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் பேட்டரி விளக்கின் பல்பு ஃபியூஸ். ஆல்டர்னேட்டரைக் கிளப்பிவிடும் முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறதாம். சாவியைப் போட்டதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

*

நாகப்பட்டினம், கடற்கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். இங்கே எல்லாமே எர்த்தில், அதாவது பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் வழியில்தான் முடியும். கியர் பாக்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் வயர் பார்க்க முழுசாக இருந்தது, கையில் பிடித்து இழுத்தால் உதிர்ந்தது. ஜம்பர் கேபிளில் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் மாட்டினேன், ஹெட்லைட் பளிச்சென்றது. ஐந்து நிமிட சோதனை.

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி. அந்த எலக்ட்ரீஷியன் எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தாரா?

*

பார்த்தார் சார். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் போல. அப்படிச் செய்தால் வோல்ட் சட்டென்று எகிறி, ஆல்டர்னேட்டருக்குள் ஏசி கரண்டை டிசியாக மாற்றும் டயோடைத் தின்றுவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் கேட்டதும் ஓடிப்போய் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் அளந்தேன். 0.04 வோல்ட், அரை வோல்ட்டைத் தாண்டினால்தான் டயோடைச் சந்தேகப்பட வேண்டும். தப்பித்தேன். எக்ஸ்சேஞ்சில் எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்த அந்த நாலு வயசுப் பேட்டரி மட்டும் இப்போது யாருடைய டிராக்டரிலோ நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும்.