சரளி வரிசை பழகும் குழந்தைக்கு வீட்டில் எப்படி உதவுவது?

கேள்வி (கும்பகோணம்): பொண்ணுக்கு 7 வயசு. பாட்டு கிளாஸில் சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) ஆரம்பிச்சாச்சு. எங்க ரெண்டு பேருக்கும் சங்கீதம் தெரியாது. வீட்டில் என்ன செய்யலாம்?

பதில் 1 (மன்னார்குடி): முதலில் டீச்சரிடம் கட்டை (எந்த உயரத்தில் பாடணும்ங்கிற அளவு) என்னன்னு கேளுங்க. இந்த வயசுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை வரும். சுருதியை (பின்னணியில் தொடர்ந்து ஒலிக்கிற ஆதார ஒலி) அதே கட்டையில் வைங்க. ஏத்தி வச்சா மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ') குழந்தை கத்தும். போன் ஸ்பீக்கரில் கீழ் ஷட்ஜம் சரியா கேக்காது, தனி ஸ்பீக்கர் நல்லது. தினம் 15 நிமிஷம் போதும்.

பதில் 2 (திருவையாறு): தாளம் நீங்களே கவனிக்கலாம். ஆதி தாளம் 8 எண்ணிக்கை: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இரண்டாம் காலத்தில்தான் (அதாவது இரட்டை வேகத்தில் பாடும்போது) சிக்கல். குழந்தை பாட்டோட கையையும் வேகமாக்கிடும். கை அதே நிதானத்தில் போகணும். ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம். கை ஓடினா நீங்க எதிரே உட்கார்ந்து தாளம் போடுங்க.

பதில் 3 (மயிலாடுதுறை): ஸ்வரத்தை மட்டும் நீங்க திருத்தாதீங்க. சரளி வரிசையோட ராகமான மாயாமாளவகௌளையில் 'ரி', 'க' ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி பெரிசு, அங்கே வழுக்கும். பதிவு பண்ணி டீச்சரிடம் காட்டுங்க. சொந்தக்காரங்க வந்தா "ஒரு பாட்டுப் பாடு"ன்னு நிறுத்தி வைக்கிறதையும் விட்டுடுங்க.