மின்கழிவு பிரிக்கும் சந்தில் படம் எடுப்பது: புகையை விட்டால் வேறென்ன?

கறுப்புவெள்ளை (கேள்வி):
வணக்கம். வியாசர்பாடிப் பக்கத்துச் சந்துகளில் பழைய கணினிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் பிரித்துப் பிழைப்பவர்களை நான்கு மாதங்களாகப் படம் எடுத்து வருகிறேன். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தபோது, செம்புக்காக வயர் எரிக்கும் நெருப்பும் புகையும் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை; ஆனால் அங்கே நெருப்பு எரிவது ஒரு நாளில் அரைமணி நேரம்கூட இருக்காது. போன வாரம் ஒரு பெரியவர், "என் மூஞ்சி வேணாம் தம்பி" என்று கையால் மறைத்துக்கொண்டார். முகத்தைக் காட்டாமலும் தொழிலைப் பொய்யாக்காமலும் எப்படி எடுப்பது?

புளியந்தோப்பான்:
என் தகப்பனார் காயலான் கடை வைத்திருந்தவர். தடித்த வயரை யாரும் எரிக்க மாட்டார்கள். கத்தியால் சீவி எடுத்த பளபளப்பான காப்பருக்கு, எரித்துக் கறுத்ததைவிட விலை கூடுதல். சீவ உட்கார்ந்தால் கூலி கட்டாத மெல்லிய வயர்தான் நெருப்புக்குப் போகும். அதன் பிவிசி (பிளாஸ்டிக்) உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்ஸின் போன்ற நச்சுகள் வெளிவருகின்றன; அது உண்மை என்பதால், அந்த நெருப்புப் படத்தையே விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சீவுகிறவரின் காய்த்துப்போன கட்டைவிரலையும், சர்க்யூட் போர்டுகளைத் தரம் பிரித்து வைத்த குவியல்களையும், முக்கியமாக எடை போடும் நேரத்தையும் எடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் தராசைப் பார்க்கும் பார்வை ஒரே படத்தில் விழுந்துவிட்டால் (எளிதில் விழாது) பாதித் தொழில் அதில் வந்துவிடும்.

அகலக்கோணம்:
பெரியவரின் அச்சம் நியாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சந்தில் உட்கார்ந்து பிரிப்பவரிடம் அந்தப் பதிவு பெரும்பாலும் இருக்காது. நாம் கலை என்று நினைத்து எடுப்பது அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். கானாவின் அக்ராவில், மின்கழிவை எரித்துப் பிரித்த அக்போக்புளோஷி என்ற பழைய இரும்புச் சந்தையில் புகைப்படக்காரர் பீட்டர் ஹியூகோ 2009, 2010 ஆண்டுகளில் எடுத்த உருவப்படங்கள் பல நாடுகளில் பேசப்பட்டன. அந்தச் சந்தை 2021 ஜூலையில் இடிக்கப்பட்டது. படங்களால்தான் இடித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புகைக்கு மட்டுமே பெயர்போன இடத்துக்காக, அங்கே பழுது பார்த்தும் உதிரி விற்றும் பிழைத்தவர்களுக்காக, வெளியிலிருந்து யார் பரிந்து பேசுவார்?

கறுப்புவெள்ளை:
இருவருக்கும் நன்றி. ஞாயிறன்று சில படங்களை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே பெரியவர், தம் கைகள் மட்டும் தெரியும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கத்தி பிடித்த விதம் சரியாக விழவில்லை என்றார். புதன்கிழமை லோடு வரும்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.