அம்மாவுக்கு முழங்கால் வலி, சிங்க்வே தெர்ரே கூட்டிட்டுப் போலாமா? எந்த ஊர்ல தங்குறது?

தூங்காநகரான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்ல வேலை பாக்குறேன், சொந்த ஊரு மதுரை. செப்டம்பர் மூணாவது வாரம் அம்மா அப்பா இங்க வராங்க, விசா எல்லாம் கைக்கு வந்தாச்சு. அம்மாவுக்கு சொந்தக்காரங்க யாரோ வாட்ஸப்ல ஒரு போட்டோ அனுப்பிருக்காங்க, பாறை மேல தீப்பெட்டி அடுக்கின மாதிரி மஞ்சளும் ரோஸுமா வீடுங்க, கீழ கடல். "இந்த ஊரக் காட்டுனாப் போதும்டா, வேற எதுவும் வேணாம்"னு சொல்லிட்டாங்க. தேடிப் பாத்தா அது இத்தாலில மனரோலான்னு ஒரு கிராமம், சிங்க்வே தெர்ரேன்னு சொல்ற அஞ்சு ஊர்ல ஒண்ணு.

பிரச்சனை என்னன்னா அம்மாவுக்கு 63 வயசு, ரெண்டு முழங்காலும் வலி, சமதரையில மெதுவா நடப்பாங்க ஆனா படி ஏறினா பத்துப் படிக்கு ஒரு தடவை நிக்கணும். அதோட சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. அப்பாவுக்கு எதுவும் ஓகே, காபி மட்டும் நேரத்துக்கு வேணும். யூடியூப்ல ஒருத்தர் ஒரே நாள்ல அஞ்சு ஊரையும் முடிச்சிட்டு அடுத்த நாள் பீசா போறாரு, பாக்கும்போதே எனக்கு மூச்சு வாங்குது. எங்களுக்கு மூணு ராத்திரி இருக்கு. எங்க தங்குறது, எதை விடுறது, சாப்பாட்டுக்கு என்ன பண்றது? போயிட்டு வந்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ஊர்சுத்தி:

தம்பி நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ரெண்டாவது தடவை மாமியாரோட, அதனால உங்க கவலை புரியுது. முதல்ல ஒண்ணு, மனரோலால ரூம் போடாதீங்க. பாக்க வேண்டிய ஊரு அது, பெட்டி தூக்கிட்டு ஏற வேண்டிய ஊரு இல்ல. மொன்டெரோஸ்ஸோ இல்லன்னா அதுக்கு அடுத்து இருக்கிற லெவந்தோ, இந்த ரெண்டுல ஒண்ணுல தங்குங்க. மொன்டெரோஸ்ஸோல ஸ்டேஷனை விட்டு வெளிய வந்தா நேரா கடல்தான், கரையோரமா சமமா ரோடு, பழைய ஊருக்குப் போக ஒரு சுரங்கப் பாதை, அதுவும் சமதரை. லெவந்தோ அந்த அஞ்சுல சேராது ஆனா தட்டையான ஊரு, வாடகை கொஞ்சம் கம்மி, மொன்டெரோஸ்ஸோவுக்கு ரயில்ல அஞ்சு நிமிஷம்.

லெவந்தோவுக்கும், இந்த அஞ்சு ஊருக்கும் அந்தப் பக்கம் இருக்கிற லா ஸ்பெட்ஸியான்னு துறைமுக நகரத்துக்கும் நடுவுல எல்லா ஊர்லயும் நிக்கிற ரயில் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு ஊர்ல இருந்து அடுத்த ஊருக்கு மூணு நாலு நிமிஷம், அதுவும் முக்கால்வாசி சுரங்கத்துக்குள்ள, ஜன்னல் சீட்டுக்கு சண்டை போட்டு உக்காந்தா இருட்டைத்தான் பாப்பீங்க, நடுவுல ரெண்டு செகண்டு பளிச்சுனு கடல் வரும், போன் எடுக்குறதுக்குள்ள போயிடும். வெர்னாட்ஸாலயும் ரியோமஜ்ஜோரேலயும் ரயில் நீளத்துக்கு வெளிய இடம் கிடையாது, பாதி பெட்டி சுரங்கத்துக்குள்ளயே நிக்கும். கதவு திறந்ததும் எதிர்ல கருங்கல் சுவரு. மாமியார் "ஊரே வரலயே, என்னத்துக்கு எறங்கச் சொல்றே"ன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுதான் பிளாட்ஃபாரம், பயப்படாம எறங்கி வெளிச்சம் தெரியிற பக்கம் நடங்க.

கொர்னீலியாவை விட்டுடுங்க. அஞ்சுல அது ஒண்ணுதான் கடல் ஓரமா இல்லாம மலை மேல இருக்கு, ஸ்டேஷன்ல இருந்து 380 படி கிட்ட ஏறணும். ஒரு குட்டி பஸ்ஸு இருக்கு, ஆனா அதுக்குப் பின்னாடி கூட்டம் எப்படி நிக்கும்னு நான் சொல்லத் தேவையில்ல. வெர்னாட்ஸாதான் உங்க அம்மாவுக்கு சரி, ஸ்டேஷன்ல இருந்து ஒரே தெரு லேசான சரிவா நேரா துறைமுகத்துக்கு இறங்கும், அஞ்சு நிமிஷம். அங்க தண்ணி ஓரமா சின்னதா ஒரு சதுக்கம், ஒரு பக்கம் பழைய சர்ச்சு, படகுங்களை கரையில இழுத்துப் போட்டிருப்பாங்க. அவங்க ரெண்டு பேரையும் அங்க உக்கார வச்சிட்டு நீங்க மட்டும் மேல ஏறி போட்டோ எடுத்துட்டு வாங்க.

அம்மாவோட போட்டோ எடுத்த இடம் மனரோலால துறைமுகத்துக்குப் பக்கவாட்டுல பாறை முனை ஒண்ணு. அதுக்கு சிமெண்டுப் பாதைதான், மெதுவா போனா அவங்களும் வரலாம். சாயங்காலம் போங்க. பகல்ல பத்து மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் லா ஸ்பெட்ஸியால நிக்கிற பெரிய கப்பல்ல வர்ற கூட்டம் கைடோட கொடிக்குப் பின்னாடி வரிசையா வரும், சித்திரைத் திருவிழா பாத்த மதுரைக்காரங்களுக்கு அது ஒண்ணும் பெருசில்லன்னு வைங்க, ஆனா உக்கார ஒரு கல்லு கூட கிடைக்காது.

கடலைமிட்டாய்:

நான் கொஞ்சம் மாத்திதான் சொல்லுவேன், கோச்சுக்காதீங்க. நாங்க போன வருஷம் மனரோலாலதான் தங்கினோம். வீட்டுக்காரர் மெசேஜ்ல "கொஞ்சம் படி இருக்கு"ன்னு போட்டிருந்தாரு. எண்ணிப் பாத்தேன், ரோட்டுல இருந்து வாசல் வரைக்கும் 94 படி, அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. 23 கிலோ பெட்டி ரெண்டு. பொண்டாட்டி மூணு நாள் எங்கிட்ட பேசல. அதனால ரூம் போடுறதுக்கு முன்னாடி "எத்தனை படி, நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டு எழுத்துல வாங்குங்க.

என் கருத்து, அந்த அஞ்சு ஊர்ல ரெண்டை மட்டும் பாத்துட்டு, ஒரு நாளை கமோலிக்கு வைங்க. ஜெனோவா நகரத்துக்குக் கிழக்க இருக்கிற மீன்பிடி ஊரு. கடலோரமா ஆறு ஏழு மாடி உயரத்துக்கு நெட்டையா வீடுங்க, எல்லாம் கலர். கிட்ட போய்ப் பாருங்க, பாதி ஜன்னலு பெயிண்டுதான்! கதவு, கதவோட நிழலு, ஜன்னலைச் சுத்தி பூ வேலை, எல்லாமே சுவத்துல வரைஞ்சது. நான் ஒரு ஜன்னலை நிஜம்னு நினைச்சு, இவ்ளோ நேரமா யாருமே எட்டிப் பாக்கலயேன்னு ஐஸ்கிரீம் உருகுற வரைக்கும் பாத்துட்டு இருந்தேன். ஸ்டேஷன் மேல இருக்கு, கடலுக்கு எறங்கணும், அதை மட்டும் பாத்துக்கோங்க. ஆனா அங்க இத்தாலிக்காரங்களே குடும்பத்தோட வந்து காத்து வாங்குற ஊரு, செல்ஃபி குச்சி கம்மி.

அங்க இருந்து படகுல சான் ஃப்ருத்துவோஸோன்னு ஒரு பழைய மடத்துக்குப் போகலாம், ரோடே கிடையாது, ஒண்ணு படகு, இல்ல மலை ஏறி நடக்கணும். அந்த வளைகுடாவுல 1954ல கடலுக்கு அடியில ஒரு ஏசு சிலையை இறக்கி வச்சிருக்காங்க, ரெண்டு கையையும் மேல தூக்கின மாதிரி. 17 மீட்டர் ஆழம், நாம மேல இருந்து பாத்தா தண்ணிதான் தெரியும்.

நெல்லைக்காரி:

நான் ஜெனோவாலதான் இருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. சாப்பாட்டு விஷயம் நான் சொல்லுதேன், ஏன்னா இங்க நிறைய பேரு "சைவம்தானே, பெஸ்தோ சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. பெஸ்தோங்கிறது பாஸ்தால கலக்குற பச்சைச் சட்னி மாதிரி, அதுல துளசி மாதிரி இருக்கிற பசிலிகோ இலை, பூண்டு, பைன் கொட்டை, ஆலிவ் எண்ணெயோட ரெண்டு வகை சீஸும் சேரும். அதுல ஒண்ணு பார்மிஜானோ, அந்த சீஸு கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட் போட்டுத்தான் உறைய வைப்பாங்க. உங்கம்மா அதைப் பாப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க தம்பி, சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லிராதீங்க. எங்கம்மாகிட்ட நான் அந்தத் தப்பைத்தான் பண்ணினேன், இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுதா. அரைக்கும்போதே சீஸ் சேர்ந்துரும், அதனால சீஸ் இல்லாம குடுங்கன்னு கடையில கேட்டாலும் நடக்காது.

அம்மாவுக்கு ஃபரினாத்தா வாங்கிக் குடுங்க. கொண்டைக்கடலை மாவு, தண்ணி, உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்ளோதான். மாவைக் கரைச்சு ஊற வச்சு, வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு தாம்பாளத்துல ஊத்தி விறகு அடுப்புக்குள்ள தள்ளுவாங்க. ஓரம் மொறுமொறுன்னும் நடுவுல மெத்துன்னும் வரும். வெட்டி காகிதத்துல வச்சுக் குடுப்பாங்க, மேல மிளகு தூவிக்கலாம். நம்ம ஊரு அடை சாப்பிட்ட வாய்க்கு ஒரு காரச் சட்னி இருந்தா நல்லாருக்கும்னு தோணும், தோணத்தான் செய்யும், ஒரு பாட்டில் இட்லிப்பொடி பையில இருக்கட்டும். ஃபொகாச்சா ரொட்டியும் ஓகே, சில கடையில பன்றிக் கொழுப்பு சேப்பாங்க, "ஸ்ட்ருத்தோ" இருக்கான்னு கேளுங்க. மொன்டெரோஸ்ஸோ நெத்திலி மாதிரி ஒரு மீனுக்குப் பேர் போன ஊரு, பீட்சால கூட சொல்லாம போட்டுருவாங்க, "சென்ஸா அச்சூகே"ன்னு சொல்லிருங்க. மதியம் ரெண்டரைக்கு மேல பல ஓட்டல்ல அடுப்பை அணைச்சுருவாங்க, மறுபடி ஏழு மணிக்குத்தான். அப்பாவுக்கு காபி கவுன்டர்ல நின்னுக்கிட்டே குடிச்சா ஒரு விலை, உக்காந்தா ஒரு விலை.

கமோலி பத்தி கடலைமிட்டாய் சொன்னது சரிதான். ஆனா ஊரு விட்டு ஊரு வந்த அம்மா கேட்டது அந்தப் போட்டோ. மனரோலாவை முதல் நாளே காட்டிருங்க, அப்புறம் மழை வந்தாலும் வருத்தம் இருக்காது.

தூங்காநகரான்:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ரென்னட் விஷயம் எனக்கு சத்தியமா தெரியாது, நாலு வருஷமா அம்மாகிட்ட "இங்க சீஸ்தான்மா சாப்பிடுறேன், சைவம்தான்"னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன் 🙈

இன்னும் ரெண்டு டவுட்டு. காதல் பாதைன்னு ஒண்ணு சமதரையா இருக்குமாமே, திறந்திருக்கா? செப்டம்பர்ல மழைக்குப் பாதைய மூடிருவாங்கன்னு படிச்சேன், அவ்ளோ மழையா பெய்யும்?

செங்கல்சூளை:

ரெண்டுக்கும் நான் சொல்றேன், நான் சிவில் ஆளு, அங்க வீட்டைப் பாத்ததை விட சுவத்தைப் பாத்ததுதான் அதிகம்.

காதல் பாதை ரியோமஜ்ஜோரேல இருந்து மனரோலாவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கும் கம்மி. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ரயில் சுரங்கம் வெட்டும்போது பாறையைக் குடைஞ்சு போட்டது. 2012ல பாறை சரிஞ்சு டூரிஸ்டுங்க மேல விழுந்து அடிபட்டதுல மூடினவங்க, முழுசா மறுபடி திறந்தது 2024லதான். பன்னெண்டு வருஷம்! இப்ப நேரம் போட்டு முன்பதிவு பண்ணணும், சிங்க்வே தெர்ரே கார்டுன்னு இருக்கிற பாஸுக்கு மேல தனியா டிக்கெட்டு. கைப்பிடியோட கிட்டத்தட்ட சமதரை, உங்க அம்மா நடக்கக்கூடிய பாதை அங்க அது ஒண்ணுதான். கடைசில மனரோலாலதான் போய் முடியும், அதனால போட்டோ ஊருக்கு ரயில்ல போகாம இப்படி நடந்து போங்க.

மழைக்கு ஏன் மூடுறாங்கன்னா, அந்த மலையில திராட்சை போட படிப்படியா வெட்டி வச்சிருக்காங்க, ஒவ்வொரு படியையும் தாங்குறது சிமெண்டு இல்லாம கல்லு மேல கல்லு அடுக்கின சுவரு. சந்து வழியா தண்ணி வடிஞ்சு போயிடும், அதனாலதான் நூத்துக்கணக்கான வருஷம் நிக்குது. ஆனா ஒரு கல்லு நழுவினா அன்னைக்கே எடுத்து வைக்க ஆளு வேணும். அந்த ஆளுங்க லா ஸ்பெட்ஸியா கப்பல்தளத்துக்கு வேலைக்குப் போயிட்டாங்க. சுவரு வயிறு தள்ளி ஒரு மழைக்கு மண்ணோட கீழ வரும். 2011 அக்டோபர் 25ல அதுதான் ஆச்சு. வெர்னாட்ஸால ஊர்சுத்தி சொன்னாரே ஒரே தெரு, அதுக்கு அடியில ஓடை மூடி ஓடுது. மேல இருந்து வந்த மண்ணும் கல்லும் கட்டையும் ஓடை வாயை அடைச்சு தெருவையே ஆறாக்கிடுச்சு, கடையெல்லாம் கூரை வரைக்கும் சேறு, மூணு பேர் செத்துப் போனாங்க. மொன்டெரோஸ்ஸோவுக்கும் அடி. இப்ப நீங்க போனா அந்த தெருவுல ஐஸ்கிரீம் கடைதான் தெரியும்.

அதனால மழை எச்சரிக்கை வந்தா நடைபாதைங்களை மூடிருவாங்க, அது நல்லதுக்குத்தான், பூட்டின கேட் மேல ஏறிக் குதிக்காதீங்க (குதிச்சவரைப் பாத்தேன்). செப்டம்பர்ல திராட்சை அறுவடை நடக்கும், சரிவுல ஒத்தைத் தண்டவாளத்துல ஒரு குட்டி வண்டி டபடபன்னு கூடை கூடையா ஏத்திட்டு வரும், அப்பாவுக்குப் பிடிக்கும், காட்டுங்க. படகு பத்தி யாரும் சொல்லல. கடல்ல இருந்து பாத்தா அழகுதான், ஆனா கரைக்கும் படகுக்கும் நடுவுல போடுற பலகை ஆடும், முழங்கால் வலிக்காரங்களுக்கு அந்த நாலு அடிதான் கஷ்டம். அலை இருந்தா சர்வீஸே கிடையாது. ஒரே ஒரு தடவை, அமைதியான நாள்ல.

தூங்காநகரான்:

ரூம் போட்டாச்சு, லெவந்தோ. வீட்டம்மாகிட்ட எத்தனை படின்னு கேட்டேன், "எட்டு, அப்புறம் லிஃப்ட்"னு எட்டையும் போட்டோ எடுத்தே அனுப்பிட்டாங்க 😂 முதல் நாள் காதல் பாதை வழியா மனரோலா, ரெண்டாவது நாள் காலைல வெர்னாட்ஸா, சாயங்காலம் சும்மா மொன்டெரோஸ்ஸோ கடற்கரை. மூணாவது நாள் கமோலியா இல்ல ஓய்வான்னு அம்மா முழங்கால் சொல்லட்டும்.

ஃபரினாத்தா பத்தி போன்ல சொன்னேன். "கடலை மாவைக் கரைச்சு ஊத்துறதுக்கு இத்தாலிக்குப் போகணுமாக்கும்"னு சொன்னாங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பக் கூப்பிட்டு, "அதுல பெருங்காயம் போடுவாங்களாடா?"

நெல்லைக்காரி:

போட மாட்டாங்க தம்பி. அதையும் பொடியோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க.