லியூக்கோஸ்டேசிஸ்: தேக்கமா, நெரிசலா?

மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

குருதிப் புற்றுநோயில் வெண்குழியங்கள் (வெள்ளையணுக்கள்) அளவுமீறிப் பெருகி நுண்குழாய்களில் சிக்கி நிற்கிற நிலைதான் லியூக்கோஸ்டேசிஸ். அதற்குத் தமிழில் 'வெண்குழியத் தேக்கம்' என்று இங்கே அண்ணா ஒருவர் முன்வைத்திருந்தார். அந்தச் சொல்லைச் சென்ற வாரம் ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு தாயிடம் சொல்லிப் பார்த்தேன். மகனுக்குக் குருதிப் புற்றுநோய், கடும் மூச்சிரைப்பு. கேட்டதுமே, "நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டிட்டா மிஸ்? ஊசி போட்டு எடுக்க ஏலாதா?" என்றார். வாவியும் குளமுமாக வாழ்கிற எங்களுக்குத் தேக்கம் என்றால் தண்ணீர்தான். 'அடைப்பு' என்றாலோ மாரடைப்புக்குப் போய்விடுகிறார்கள்.

இங்கே நடப்பது வேறு. மைக்ரோலீட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கவேண்டிய வெண்குழியம் 100,000ஐத் தாண்டிவிடுகிறது. முதிராத அந்தக் குழியங்கள் பருத்தவை, லேசில் வளைந்துகொடுக்காதவை, குழாய்ச்சுவரில் ஒட்டிக்கொள்பவை. நுரையீரலின் மயிர்த்துளைக் குழாய்களுக்குள் முண்டியடித்து அப்படியே நின்றுவிடுகின்றன. ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று எங்களூர் மாமாங்கக் கோயில் குளத்தில் கூட்டத்தோடு இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நான் சொல்வது 'வெண்குழிய நெரிசல்'.

எண்ணிக்கை கூடுவதற்கு 'வெண்குழிய மிகை' தனியாக இருக்கட்டும். நாட்பட்ட லிம்போசைட்டு வகைக் குருதிப் புற்றுநோயில் எண்ணிக்கை இலட்சங்களில் போனாலும் நெரிசல் அரிதாகத்தான் வரும். அந்தக் குழியங்கள் சிறியவை.

அப்புறம் அந்தத் தாய் கேட்டார்: "புள்ள வெளுத்துப்போய்க் கிடக்கான், ஏன் ரெத்தம் ஏத்தாம வெச்சிருக்காங்க?" நெரிசலுக்குள் இன்னும் ஆட்களை விட்டால் என்னாகும் அம்மா என்று கேட்டேன். செங்குழியம் ஏற்றினால் குருதி மேலும் தடிக்கும். அதனால்தான் வெண்குழியம் குறையும்வரை அதை முடிந்தளவு தள்ளிப்போடுகிறார்கள். சேலைனும், வெண்குழியத்தைக் குறைக்கிற ஹைட்ரொக்சியூரியா மருந்தும் கொடுத்து, தாமதிக்காமல் புற்றுநோய் மருந்தையும் தொடங்குகிறார்கள். அவருக்கு விளங்கியது. தேக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதை என்னால் சொல்லியிருக்க முடியாது.

தமிழ்நாட்டு நண்பர்கள் 'வெள்ளையணு நெரிசல்' என்று எழுதினாலும் சரி, நெரிசலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

லூக்காபெரசிசுக்கும் சொல் வேண்டும். குருதியை இயந்திரம் வழியாக ஓடவிட்டு, வெண்குழியத்தைப் பிரித்தெடுத்து, மிச்சத்தை உடலுக்கே திருப்பி அனுப்புகிற முறை அது. 'வெண்குழியப் பிரிப்பு' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் சொல்லுங்கள்.