மூத்தோர் வளவு: ‘கோஹவுசிங்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதுச்சேரியில் வயது முதிர்ந்தோர் சிலர் சேர்ந்து கட்ட நினைக்கும் குடியிருப்புக்கான வரைபட விளக்கத்தைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, முதல் வரியிலேயே, தனித்தனி வீடுகளும் ஒரு பொதுவீடுமாகக் குடியிருப்போரே சேர்ந்து நடத்தும் குடியிருப்பைக் குறிக்கும் ‘கோஹவுசிங்’ என்னும் ஆங்கிலச் சொல் என்னை நிறுத்திவிட்டது. அதற்கு ஐயா ஒருவர் ‘கூட்டுக்குடியிருப்பு’ என்றும், அம்மையார் ஒருவர் ‘சமூக முதியோர் இல்லம்’ என்றும் சென்ற வாரம் பரிந்துரைத்திருந்தார்கள். இரண்டையும் பலமுறை எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொருளை வேறு பக்கம் இழுப்பதாகத் தோன்றுவதால் இந்த மடல்.

டென்மார்க்கில் 1960களில் எழுந்த இந்தச் சிந்தனை, 1972இல் செட்டெடாமன் என்னும் குடியிருப்பாக உருப்பெற்றது. அங்கே இதன் பெயர் ‘போஃபெலெஸ்கேப்’. அதில் வாழ்தலும் பொதுமையும் சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலச் சொல்லைப் பிற்பாடு பரப்பியவர்கள் கேத்ரின் மெக்கமன்ட், சார்ல்ஸ் டுரெட் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்த அடுப்பும் சொந்தக் கதவும் உண்டு. அதற்கு மேல், வாரத்தில் சில நாள் எல்லோரும் சேர்ந்து உண்ண ஒரு பொதுவீடு உண்டு. மனையை வரைவதிலிருந்து கணக்குப் பார்ப்பது வரை எல்லாம் குடியிருப்போர் கையில் இருக்கும். லண்டனின் ஹை பார்னெட்டில் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் தமக்கென அமைத்துக்கொண்ட ‘நியூ கிரவுண்டு’ இதற்கு நல்ல சான்று. 1998இல் கூடிய குழு, இடமும் அனுமதியும் தேடி அலைந்து, 2016இல்தான் தன் 25 வீடுகளில் குடியேறியது. பதினெட்டு ஆண்டு விடாமல் நின்றவர்களைப் பராமரிக்கப்படுவோர் என்று குறிப்பது தகாது.

‘இல்லம்’ என்னும் சொல்லை நான் மறுப்பதற்குக் காரணம் இதுவே. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, மாவட்டத்துக்கு ஒன்றேனும் முதியோர் இல்லம் வேண்டும் என்றும், அதில் குறைந்தது 150 பேருக்கு இடம் இருக்க வேண்டும் என்றும் கூறும்போது, ஆதரவற்ற முதியோரையே மனத்தில் கொண்டிருக்கிறது. அது தேவையான ஏற்பாடு. ஆனால் வேறு ஏற்பாடு. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குப் பழக்கமான மூன்று பெரியம்மாக்களிடம் வரைபடத்தைக் காட்டியபோது, ‘முதியோர்’ என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுமே, “பிள்ளைங்க இருக்கும்போது நாங்க எதுக்குப்பா ஹோமுக்குப் போகணும்?” என்று ஒருவர் கேட்டார். அதன்பின் வரைபடத்தை யாரும் பார்க்கவில்லை.

‘கூட்டுக்குடியிருப்பு’ இத்தனை காயப்படுத்தாது. ஆயினும் அது கூட்டுக்குடித்தனத்தை, அதாவது ஒரே அடுப்பை, நினைவூட்டுகிறது. ‘ஒண்டுக்குடித்தனம்’ அமைப்பில் நெருங்கி வந்தாலும் வறுமையின் நெருக்கடியைச் சுமக்கிறது. ‘தொகுப்பு வீடு’ அரசுத் திட்டத்துக்கு உரியதாகிவிட்டது.

நான் முன்வைப்பது ‘வளவு’. செட்டிநாட்டு வீட்டில், நடுமுற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், தனித்தனி அறை அமைந்த பகுதிக்கு இதுவே பெயர். மணமான மகன் அதே வளவுக்குள் தனியாக உலை வைத்துக்கொள்வதும் அங்கே வழக்கம். கொங்குப் பகுதியில் உறவினர் வீடுகள் சேர்ந்த கூட்டத்தையும், யாழ்ப்பாணத்தில் வீடு நிற்கும் வேலி சூழ்ந்த மனையையும் வளவு என்கிறார்கள். மூன்று வழக்கிலும் எல்லைக்குட்பட்ட ஓர் இடம் தெரிகிறது; முதலிரண்டில் அடுப்பு வேறாகவும் முற்றம் ஒன்றாகவும் இருக்கின்றன. உறவினர்க்கு உரிய சொல்லை அயலார் கூடி வாழும் இடத்துக்கு நீட்டலாமா என்று கேட்பீர்கள். நீட்டலாம் என்பதே என் எண்ணம். மூப்பில் அயலாரே உறவாக வேண்டிய நிலை புதுச்சேரியில் பல தெருக்களில் வந்துவிட்டது. பிள்ளைகள் பிரான்சில் இருக்க, பெரிய வீட்டின் பின்கட்டைப் பூட்டிவிட்டு முன்னறையில் மட்டும் வாழும் தம்பதியரை இங்கே எல்லோரும் அறிவோம்.

இவ்வூர்த் தமிழர் பகுதியின் பழைய வீடுகளே இந்த வடிவமைப்புக்குப் பாடம் சொல்கின்றன. வழிப்போக்கர் ஒதுங்கும் தாழ்வாரம், தெரிந்தவர் அமரும் திண்ணை, அதையடுத்து நடை, அதற்கும் உள்ளே வீட்டாருக்கான முற்றம் என்று, தெருவின் பொதுமை படிப்படியாகக் குறைந்து தனிமையாகிறது. கோஹவுசிங் வரைவோரும் இதையே நாடுகிறார்கள்: சமையலறைச் சன்னல் பொது நடைபாதையைப் பார்க்க வேண்டும், பொதுவீடு எல்லோரும் கடந்துபோகும் வழியில் இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கும் ஒரு வாசலில் பால் பாக்கெட் எடுக்கப்படாமல் கிடந்தால், எதிர்வீட்டார் அதைக் கண்டு கதவைத் தட்டுவதற்கு ஏற்ற தொலைவே இங்கே அளவுகோல். திண்ணைப் படிகள் மட்டும் முழங்கால் வலிக்காரருக்கு ஆகாதவை. அங்கே ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் சரிவில் சாய்தளம் வேண்டும்.

ஆகவே கோஹவுசிங் ‘வளவு’ எனவும், மூத்தோருக்கானது ‘மூத்தோர் வளவு’ எனவும், பொதுவீடு ‘வளவுக்கூடம்’ எனவும், குடியிருப்போர் ‘வளவார்’ எனவும் இருக்கலாம். ‘முதியோர்’ என்னாமல் ‘மூத்தோர்’ என்றது மேற்சொன்ன பெரியம்மாவின் கேள்விக்காக. யாழ்ப்பாண நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: வீட்டு மனையையே வளவு என்று அன்றாடம் சொல்லும் உங்கள் காதில் ‘மூத்தோர் வளவு’ என்பது முதியவர் ஒருவருக்குச் சொந்தமான காணி என்று ஒலிக்குமா? ஒலிக்குமானால், ‘வளவுக்குடியிருப்பு’ என்று நீட்டிக்கொள்ள எனக்குத் தடையில்லை.