கிம்புலா பனிஸின் அம்மா

நான் நாய், பூனைக்கு உருகுகிற ஆள் இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குக் குட்டி கொண்டுவந்து தரவேண்டாம்.

எங்கள் ஒழுங்கை வெள்ளவத்தைக் கால்வாய்ப் பக்கம் போய் முடிகிறது. பின்னேரம் நாலரை போல, பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பனிஸும் விற்கிற சூன் பாண் ஓட்டோ வரும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: பீத்தோவன் 1810இல் பியானோவுக்கு எழுதிய மெட்டு ஒன்று கொழும்பில் பாண் விற்கிறது. மேல்மாடிப் பெடியனுக்கு நாலு வயது. ஒரு கலியாண வீட்டில் யாரோ அதைக் கீபோர்டில் வாசிக்க, "பாண் வந்திட்டுது" என்று எழும்பி வாசலுக்கு ஓடினவன்.

அந்த மெட்டுக்கு எங்கள் ஒழுங்கையில் பின்பாட்டும் உண்டு. சூட்டி என்று ஒரு தெருநாய். முதல் சுரம் கேட்டதுமே அண்ணாந்து ஊளையிடத் தொடங்கிவிடுவாள். தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் 2006இல் நிறுத்தியது. அதற்கு முதல் என்றால் இந்தக் குரலோடு இவள் தப்பியிருக்கமாட்டாள்.

போன சனிக்கிழமை மழை விட்ட கையோடு ஓட்டோ வந்தது. பெடியன் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான். அவனுக்கு எப்போதும் கிம்புலா பனிஸ்தான், மேலே சீனி தூவிய அந்த நீட்டுப் பனிஸ். சிங்களத்தில் கிம்புலா என்றால் முதலை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அது என் பிழை.

பாட்டு நடுவில் இருக்க, சூட்டி சட்டென்று வாயை மூடினாள். அப்போதுதான் எல்லோரும் திரும்பினோம். மதில் இடுக்கால் ஒரு கபரகொய்யா, அதுதான் நீர் உடும்பு, வந்துகொண்டிருந்தது. ஐந்தடி இருக்கும். ஊரில் உடும்பைப் பார்த்து வளர்ந்த எனக்கே கால் கூசியது. ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ் கொழும்பை 2018இல் ஈரநில நகரம் என்று அறிவித்தபோது, மழைக்கு நிரம்புகிற எங்கள் ஒழுங்கையை நினைத்துச் சிரித்தேன். இப்போது அந்த ஈரநிலமே நாக்கை நீட்டிக்கொண்டு நேரில் வருகிறது.

ஓட்டோக்காரர் பாட்டை நிறுத்தினார். கீழ்வீட்டு அன்ரி தும்புத்தடியோடு வர, "அடிக்க வேணாம் அக்கா, அது பாதுகாக்கப்பட்டது" என்று தடுத்தார். அது யாரையும் பார்க்கவில்லை. ஆறுதலாக நடந்துபோய் ஓட்டோவுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

பெடியன் கையில் இருந்த பனிஸைப் பார்த்தான். குனிந்து கீழே பார்த்தான். திரும்பவும் பனிஸைப் பார்த்தான்.

"அன்ரி, இது பனிஸின்ட அம்மா. பிள்ளையைத் தேடி வந்திருக்கிறா."

ஓட்டோக்காரருக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் பனிஸும் அம்மாவும் இரண்டு மொழிக்கும் பொதுவாயிற்றே. கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

அப்புறம்தான் அவனுக்குச் சோதனை. பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட வேண்டும், அது நியாயம். ஆனால் பனிஸில் ஆசையும் விடவில்லை. கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். பிறகு வாலை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை ரோட்டில் வைத்தான்.

மீன், நண்டு, செத்த பிராணி என்று தின்கிற சீவனுக்குச் சீனிப் பனிஸ் எதற்கு? அது திரும்பியும் பார்க்கவில்லை. எங்கிருந்தோ பாய்ந்து வந்த சூட்டி ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு போனாள்.

"அம்மாவுக்கு முன்னாலயே பிள்ளையைத் திண்டிட்டாள்!"

அவன் போட்ட சத்தத்தில் கபரகொய்யா எழும்பிக் கால்வாய்ப் பக்கம் போய்விட்டது. தும்புத்தடிக்கு வேலையே வரவில்லை. அம்மம்மா சிரிப்பதா, பிள்ளையைத் தேற்றுவதா என்று தெரியாமல் நின்றார். ஓட்டோக்காரர் காசு வாங்காமல் இன்னொரு பனிஸ் கொடுத்தார். பெடியன் அதைச் சேர்ட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, கால்வாய்ப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியேறினான்.

அன்று முழுக்க நான் ஒரு அலுவலக அழைப்பை நினைத்து எரிந்துகொண்டிருந்தேன். யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று இப்போது யோசித்துத்தான் எடுக்கவேண்டும்.

ஞாயிறு பின்னேரம் திரும்பவும் அதே பாட்டு, அதே ஊளை. பெடியன் இறங்கி வந்து, கிம்புலா பனிஸ் வேண்டாம், மாலு பாண், அதாவது உள்ளே மீன் வைத்த பனிஸ், தாருங்கள் என்றான். ஏன் என்று கேட்டேன்.

"மீனின்ட அம்மாவுக்கு ரோட்டில நடக்க ஏலாது, அன்ரி."